பத்து விநாடி மாரீஸ்வரி

“இழுங்க, இழுங்க, இன்னும் இழுங்க… இப்ப ஊதுங்க! ஊது, ஊது, ஊது, விட்ராதீய, உள்ள இன்னும் இருக்கு, எனக்குத் தெரியும், யாருக்கு ஒளிச்சு வச்சிருக்கிய? ஜோர் சே, ஜோர் சே… பஸ், போதும்!”

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து இந்தக் குரல் காலை ஒன்பதரைக்குத் தொடங்கிவிடும். வெளியே வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் முதல் தடவை திடுக்கிடுவார்கள். உள்ளே பிரசவம் நடக்கிறது என்று நினைத்து ஒருவர் தப்பான மாடிக்கு வந்துவிட்டதாக எழுந்தே போய்விட்டாராம். இரண்டாவது ஆள் உள்ளே போவதற்குள் வரிசை முழுவதும் தன்னையறியாமல் கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதத் தொடங்கியிருக்கும். நானும் ஊதியிருக்கிறேன். எனக்கு நுரையீரலில் ஒரு குறையும் இல்லை.

செம்பூரில் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் இருக்கும் நுரையீரல் சோதனைக்கூடத்தில் மாரீஸ்வரி பதினெட்டு வருடமாக ஆட்களை ஊத வைக்கிறார். வயது நாற்பத்தாறு. உயரம் ஐந்தடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. வீடு தாராவியில். பிறந்ததும் அங்கேதான் என்றாலும், பேச்சில் அவருடைய அப்பா வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்த தமிழ் அப்படியே இருக்கிறது. அதன் மேல் பம்பாய் இந்தி தூவியிருக்கும். வெள்ளைக் கோட்டின் காலரில் எப்போதும் ஒரு மூக்குக் கிளிப் தொங்கும். வேறு நகை கிடையாது. வருகிற நோயாளிகளில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது. ‘ஃபூக் மௌசி’ என்பார்கள். ஊதச் சொல்லும் சித்தி.

ஒவ்வொரு நோயாளியோடும் அவரும் ஊதுவார். அவர்கள் இழுத்தால் இவர் தோள் ஏறும். அவர்கள் அடக்கினால் இவர் கண் பிதுங்கும். ஒரு நாளைக்கு இருபது பேர், ஆளுக்கு மூன்று நான்கு தடவை. அவர் வீட்டுக்காரர் சுரேந்திரன் இதைப் பற்றிச் சொல்வது: “எங்க வீட்ல பொறந்தநாள் கேக்குக்கு மெழுகுவர்த்தி வைக்கிறதில்ல சார். இவ பக்கத்துல நின்னு பேசினாலே அணைஞ்சிரும்.”

தினமும் காலையில் இயந்திரத்தைச் சரிபார்க்கப் பெரிய ஊசிக்குழல் ஒன்று உண்டு. தோசைக்கல் கைப்பிடி போல் ஒரு பிடி. உள்ளே மிகச் சரியாக மூன்று லிட்டர் காற்று. அதற்கு மாரீஸ்வரி வைத்திருக்கும் பெயர் மாப்பிள்ளை. “இழுத்தா இழுத்த அளவு, தள்ளுனா தள்ளுன அளவு. இந்த பில்டிங்லயே சொன்ன பேச்சு கேக்குதவரு இவரு ஒருத்தருதான்” என்று அதைத் துடைத்து அலமாரியில் வைப்பார்.

மற்றவர்கள் யாரும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. சாப்பிட்டுவிட்டு வரக்கூடாது என்று தொலைபேசியில் சொல்லியிருப்பார். வந்தவரின் முகத்தைப் பார்த்ததும், “எத்தன வடாபாவ்?” என்பார். “ஒண்ணுமே இல்ல மௌசி” என்றால், “மீசையில சட்னி இருக்கு. போயி ஒரு மணி நேரம் நடந்துட்டு வா.” பெல்ட்டைத் தளர்த்தச் சொன்னால் கதவைப் பார்க்கும் பெரிய மனிதர்களிடம், “யாரும் பாக்க மாட்டாவ சார், உங்க தொப்பைக்கு இங்க டிக்கெட் கெடையாது” என்பார். பஸ்ஸில் போகும்போதும் வேலையை விட மாட்டார். சயானிலிருந்து ஏறி உட்கார்ந்ததும் முன் இருக்கைகளில் முதுகுகளைப் பார்த்து மூச்சை எண்ணத் தொடங்கிவிடுவார். நிமிடத்துக்கு இருபத்தாறு மூச்சு விட்ட ஒரு கண்டக்டரை வழியிலேயே இறக்கி டாக்டரிடம் கூட்டி வந்த கதை ஒன்று உண்டு. பஸ் டிரைவர் கீழே நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாராம்.

சாதாரணமாக ஊதினால் தெரிவது காற்று எவ்வளவு போகிறது, வருகிறது என்பது மட்டும்தான். மாரீஸ்வரியின் பெருமையெல்லாம் அடுத்த சோதனையில் இருக்கிறது. உள்ளே போன காற்று ரத்தத்துக்குள் இறங்குகிறதா என்று பார்ப்பது அது. குழாயில் ஒரு கலவை வாயு வரும். அதில் துளியளவு கார்பன் மோனாக்சைடு கலந்திருக்கும். உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே விட்டுவிட்டு, அந்தக் கலவையை ஒரே இழுப்பில் வாங்கி, பத்து விநாடி அடக்கி, பிறகு விட வேண்டும். திரும்பி வரும்போது எவ்வளவு குறைகிறது என்பதிலிருந்து ரத்தத்துக்குள் எவ்வளவு போகிறது என்று இயந்திரம் கணக்கிட்டுவிடும். “பத்து பேர உள்ள அனுப்புதோம். எத்தன பேரு திரும்பி வரலன்னு பாக்குதோம். வராதவன்தான் நல்லவன்” என்பது மாரீஸ்வரியின் சுருக்கம்.

அணுசக்தி நகரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற விஞ்ஞானி ஒருவர், அது விஷ வாயு அல்லவா என்று வாயிலிருந்த குழாயை எடுத்துவிட்டார். “ஆமா சார். சயான் சிக்னல்ல நின்னாலும் இதத்தான் இழுக்கிய. அங்க யாரும் மூக்குல கிளிப் மாட்டி, பேரு எழுத மாட்டாவ, அவ்ளோதான்” என்று மாரீஸ்வரி குழாயைத் திரும்ப அவர் வாயில் வைத்தார். விஞ்ஞானி அடுத்து இயந்திரத்தின் பிழை விகிதம் என்ன என்று கேட்டார். பத்து விநாடியும் அதைப் பற்றியே யோசித்துவிட்டு, மூச்சை அடக்க மறந்துபோனார்.

என் அக்கா வாலாம்பாளை இரண்டு வருடம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நான் அங்கே கூட்டிப் போனேன். அக்கா எதையும் புரிந்துகொள்ளாமல் செய்கிறவள் இல்லை. எதற்காக இந்தப் பத்து விநாடி என்று கேட்டாள். மாரீஸ்வரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்.

“அக்கா, காத்து நிக்கிற பை ஒரு பக்கம். ரத்தம் ஓடுற கொழா இன்னொரு பக்கம். நடுவுல ஒரு செவுரு. யாரும் புடிச்சுத் தள்ள வேண்டாம். கூட்டம் ஜாஸ்தி இருக்கிற பக்கத்துலேர்ந்து கம்மியா இருக்கிற பக்கத்துக்கு அதுவாவே போயிரும். ஆக்ஸிஜன் இங்கேர்ந்து அங்க, கார்பன் டை ஆக்சைடு அங்கேர்ந்து இங்க. ஆனா செவுரு எங்க வீட்டுச் செவுரு மாதிரி இருக்கணும். பக்கத்து வீட்டுக்காரி மொளகா தாளிச்சா நான் தும்மணும்.”

“என்னோடது?”

மாரீஸ்வரி திரையைப் பார்த்தார். “உங்களுது மாட்டுங்கா பில்டிங் செவுருக்கா. ஒண்ணரை அடி கனம். ரொம்ப மரியாதையான செவுரு.”

அக்கா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, அந்த முயற்சி செல்லாமல் போய், நான்கு நிமிடம் காத்திருந்து மறுபடி ஊத வேண்டியதாயிற்று. அதன் பிறகு வீட்டில் நடக்கும்போது சுவரில் கை ஊன்றி நிற்க நேர்ந்தால், விரலால் அதைத் தட்டி, “மரியாதை” என்பாள்.

அக்காவின் காரியமெல்லாம் முடிந்து, போன மாதம் அவளுடைய ஆக்ஸிஜன் மெஷினைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தேவை முடிந்தவர்களிடமிருந்து வாங்கி, தேவைப்படுபவர்களுக்கு அனுப்புவதை மாரீஸ்வரி சம்பளமில்லாத இன்னொரு வேலையாகச் செய்கிறார். நான் படியேறி முடிப்பதற்குள் அது தாராவிக்கு டாக்ஸியில் ஏறிவிட்டது. “இருங்க அண்ணாச்சி, டீ சொல்லுதேன்” என்றார். பழக்கத்தில் சோதனை அறைக்குள்ளேயே, துணைக்கு வருபவர்கள் உட்காரும் மூலையில் உட்கார்ந்தேன். டீ வருவதற்கு முன் ஜகந்நாதன் வந்தார்.

எழுபத்தாறு வயது. மாட்டுங்காவில் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி. நுரையீரலில் தழும்பு. கூட வந்த மகன் அனந்துக்குத் தாணேயில் பத்தொன்பதாவது மாடியில் வீடு, இரண்டு லிஃப்ட். அப்பாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போக ஒரு வருடமாக மன்றாடுகிறான். கடைசியில் இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்திருந்தார்கள். இந்தப் பத்து விநாடிச் சோதனையில் அந்த வயதுக்கு இருக்க வேண்டிய அளவில் ஐம்பது சதவீதத்துக்குக் கீழே வந்தால் ஜகந்நாதன் பேசாமல் தாணேக்குப் போய்விட வேண்டும். ஐம்பதோ அதற்கு மேலோ வந்தால் அனந்த் பேசாமல் இருக்க வேண்டும். இதை இருவருமே மாரீஸ்வரியிடம், தங்கள் பக்கம் நியாயம் இருப்பதுபோல், தனித்தனியாகச் சொன்னார்கள்.

“அங்கயும் தமிழ் அசோசியேஷன் இருக்கு மேடம். கோயில் இருக்கு. எவ்ரிதிங்” என்றான் அனந்த்.

“கோயில் இருக்கு. காப்பிப்பொடி?” என்றார் ஜகந்நாதன். “இங்க அரைச்சு வாங்கிண்டு தாணே போறதுக்குள்ள பாதி வாசனை ரயில்ல இறங்கிடும்.”

“வாய்ல கொழாய வையுங்க மாமா” என்றார் மாரீஸ்வரி.

முதல் தடவை. எல்லாவற்றையும் வெளியே விடச் சொன்னார், விட்டார். “இப்ப சட்டுனு இழுங்க!” ஜகந்நாதன் கண்ணை மூடி, முதுகை நிமிர்த்தி, தேர் நகர்வதுபோல் இழுக்கத் தொடங்கினார். கிளிப் மாட்டியிருந்த மூக்கை நோக்கி வலது கை எழுந்தது. கட்டைவிரலும் மோதிரவிரலும் கிளிப்புக்கு மேலேயே மூக்கை அடைத்தன. இயந்திரம் சிவப்பு காட்டியது.

“மாமா, மூக்க நான் அடச்சாச்சு. கைய எறக்குங்க.”

“எட்டு வயசுல பூணூல் போட்டா. அன்னிலேர்ந்து மூணு வேளையும் பிராணாயாமம். மூச்சுன்னா கை தானாப் போறதும்மா.”

“இது சாமிகிட்ட காட்டுத மூச்சு இல்ல, மிஷின்கிட்ட காட்டுதது. அதுக்குப் பொறும கெடையாது.”

இரண்டாவது தடவை அனந்த் அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். வேகமாக இழுத்தார், அடக்கினார். ஆனால் உதடு அசைந்து குழாயின் ஓரமாகக் காற்று கசிந்தது. “மந்திரத்த மனசுல சொல்லப்படாதா?” என்றார் மாரீஸ்வரி. “மனசுலதான் சொன்னேன். உதடு ஒட்டுக் கேட்டுட்டு அசையறது.”

மூன்றாவது தடவை எல்லாம் சரியாகப் போயிற்று, பத்தாவது விநாடி வரை. “விடுங்க!” என்றார் மாரீஸ்வரி. ஜகந்நாதன் விடவில்லை. இன்னும் முடியும் என்று ஒரு விரலை உயர்த்தினார். மாரீஸ்வரிக்கும் கண் பிதுங்கியது. “விடுங்க மாமா, சோடோ, சோடோ!” இயந்திரம் தானே அணைந்துகொண்டது. ஜகந்நாதன் குழாயை எடுத்து, இரைத்துக்கொண்டே மகனைப் பார்த்தார். “எவ்வளவுடா? இருபத்திரெண்டா? உன் தாணேல எவனாவது பிடிப்பானா?”

மாரீஸ்வரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு நாளைக்கு ஐந்து தடவைக்கு மேல் அந்த வாயுவை ஒருவருக்குக் கொடுக்கக்கூடாது. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிற இரண்டு நல்ல முயற்சி இருந்தால்தான் ரிப்போர்ட். மிச்சம் இருந்தது இரண்டே இரண்டு.

“நம்பர் வரலேன்னாலும் தாணேதாம்ப்பா. டீல் ஈஸ் டீல்” என்றான் அனந்த், கடிகாரத்தைப் பார்த்து. அடுத்ததற்கு நான்கு நிமிடம் காத்திருக்க வேண்டும். 

அந்த நான்கு நிமிடத்தில் மாரீஸ்வரி மூச்சைப் பற்றி எதுவும் பேசவில்லை. எங்கே வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். அந்தேரியில் ஒரு மருந்துக் கம்பெனி என்றார் ஜகந்நாதன். முப்பத்தொரு வருடம், மாட்டுங்கா ரோட்டில் எட்டு இருபது வண்டி. வாசல் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது வழக்கம்.

“வாசப் பக்கமா? அப்ப மாஹிம் காடி வரும்போது என்ன செய்விய?”

மாஹிமுக்கும் பாந்த்ராவுக்கும் நடுவில் ரயில் தாண்டுகிற கழிமுகத்தைத்தான் காடி என்கிறோம். நகரத்தின் சாக்கடையெல்லாம் வந்து சேரும் இடம். அந்தப் பாலத்தில் வண்டி ஏறுவதற்கு ஒரு நொடி முன்னால், சீட்டு விளையாடுகிறவன், தூங்குகிறவன், பஜனை பாடுகிறவன், பெட்டி முழுவதும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.

“என்ன செய்வேன்? எல்லாரும் செய்யறதுதான்” என்றார் ஜகந்நாதன்.

“அதைச் செய்யுங்க.” மாரீஸ்வரி எழுந்து, ஒரு கையை மேலே தூக்கி இல்லாத கம்பியைப் பிடித்துக்கொண்டார். உடம்பை லேசாக ஆட்டினார். “மாஹிம் தாண்டிட்டோம். முழுசா வெளிய விடுங்க… விடுங்க… பாலம் வருது, நாத்தம் வருது, இந்தா வந்துட்டு, இழுங்க!”

ஜகந்நாதனின் கை மேலே போயிற்று. மூக்குக்கு அல்ல; தலைக்கு மேல், கம்பி இருக்க வேண்டிய இடத்துக்கு. ஒரே இழுப்பு. உதடு இறுகியது. இருவரும் அந்தரத்தில் கையைத் தூக்கிக்கொண்டு எதிரெதிரே ஆடிக்கொண்டு நின்றார்கள். அனந்தும் மூச்சைப் பிடித்திருந்தான். நானும்தான். “ஏழு… எட்டு… மரம் தெரியுது… பாந்த்ரா! விடுங்க!”

பச்சை. நான்கு நிமிடம் கழித்து இன்னொரு பச்சை.

எண் வந்தது. நாற்பத்தைந்து.

 அனந்த் வெற்றி பெற்றவன்போல் இல்லை; அப்பாவின் தோளில் கை வைத்தான். ஜகந்நாதன் அந்தக் கையைப் பார்க்காமல், திரையைப் பார்த்து, தணிந்த குரலில் கேட்டார். “கொஞ்சம் பார்த்துப் போடப்படாதாம்மா? அஞ்சுதானே.”

“காய்கறிக் கடையா இது, கொசுறு போட?” என்றார் மாரீஸ்வரி. குரலில் கோபம் இருந்தது. ஆனால் அவர் கண் திரையில் இல்லை. ஜகந்நாதனின் கையை எடுத்து நகத்தைப் பார்த்தார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். “ரத்த ரிப்போர்ட் கொண்டு வரச் சொன்னேன்லா? எங்க?”

“மூச்சு டெஸ்டுக்கு ரத்தம் எதுக்குன்னு ஆத்துலயே வெச்சுட்டேன். அதுவும் போன வருஷத்தது.”

“எதுக்கா?” மாரீஸ்வரிக்கு மூச்சு வாங்கியது. “பிளாட்பாரம் நல்லா இருந்தா மட்டும் ஆச்சா? ஏத்திக்கிட்டுப் போக வண்டி வேண்டாமா? உங்க ரத்தம்தான் மாமா வண்டி. பன்னெண்டு டப்பா வரவேண்டிய எடத்துல ஒம்பது டப்பா வந்தா, பாதி ஜனம் பிளாட்பாரத்துலயேதான் நிக்கும். அதுக்கு ஸ்டேஷன் மாஸ்டரத் திட்டுவியளா?” கதவைத் திறந்து கீழ்த்தளத்துக்குக் கத்தினார். “தௌசீப்! ஊசி எடுத்துட்டு மேல வா, ஜல்தி!”

கீழே ரத்தம் எடுக்கும் தௌசீப் வந்து எடுத்துப் போனான். இருபது நிமிடத்தில் சீட்டு வந்தது. ஹீமோகுளோபின் பத்து புள்ளி நான்கு. திரையில் காலியாக இருந்த ஒரு கட்டத்தில் மாரீஸ்வரி அதைத் தட்டினார். நாற்பத்தைந்து மறைந்து ஐம்பத்திரண்டு வந்தது.

“மேடம், இது… ஜுகாட், தில்லுமுல்லு எதுவும் இல்லியே?” என்றான் அனந்த்.

மாரீஸ்வரி திரையை முழுவதுமாக அவன் பக்கம் திருப்பினார். “இந்தக் கட்டம் எல்லாருக்கும் போடுததுதான். சூத்திரம் கீழ இருக்கு, படிச்சுக்கோங்க. டாக்டரும் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவாவ. செவுரு அம்பத்திரண்டுதான் தம்பி. வண்டிலதான் டப்பா கம்மி.” பிறகு ஜகந்நாதனிடம், “மாசத்துல எத்தன நாள் பட்டினி?”

“ஏகாதசி ரெண்டு. சனிக்கிழமை ஒருவேளை. அப்பறம் அமாவாசை…”

“கீரை?”

“ராத்திரி சாப்பிடப்படாது.”

“பகல்ல?”

“பிடிக்காது.”

“முருங்கக்கீரை, பேரீச்சம்பழம், டாக்டர் குடுக்குத மாத்திரை. டப்பா ஏன் கொறஞ்சுதுன்னு அவரு பாப்பாரு. மூணு மாசம் கழிச்சு வாங்க. வரும்போது மீசையில்லாம வாறிய, நீங்க எதத் தின்னாலும் எனக்குத் தெரியாது, நீங்களே சொல்லிருங்க.”

ஜகந்நாதன் எதையும் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. வேட்டியைச் சரிசெய்துகொண்டு, மகன் நீட்டிய கையைத் தள்ளிவிட்டு, “நான் வரேன், நீ பேப்பரை வாங்கிண்டு வா” என்று முன்னால் போனார். கதவு வழியாகப் படிக்கட்டு தெரிந்தது. ஆறு படி இறங்கினார், நின்றார். சுவரில் ஒட்டியிருந்த பல் டாக்டர் விளம்பரத்தைத் தலையைச் சாய்த்து நன்றாகப் பார்த்தார். இன்னும் நான்கு படி. மறுபடி நின்று, மேலே திரும்பி, மிச்சம் இருந்த விளம்பரத்தையும் பார்த்தார்.

அனந்த் ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்தான். “ஐம்பத்திரண்டுன்னா… மூணு மாடி, மேடம்?” என்றான்.

 மாரீஸ்வரி என் பக்கம் திரும்பி, “எந்திரிங்க அண்ணாச்சி” என்றார். எழுந்தேன்.

“மாட்டுங்கா வீட்டுல ரெண்டாவது மாடித் திருப்பத்துல போட்டு வையுங்க. எதுக்குன்னு கேட்டா, பால்காரன் வைக்கச் சொன்னான்னு சொல்லுங்க” என்று, நான் உட்கார்ந்திருந்த நீல நிற பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கி, கோட்டு நுனியால் ஒரு தடவை அழுத்தித் துடைத்து, கவிழ்த்து அனந்தின் கையில் கொடுத்தார்.